பேரூராட்சி கட்டிய மாடியும் என் வளையல் கடையும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கண்ணாடி வளையல் விற்கிறவளுக்கு ஆகாத குணம்தான். ஆனால் என் கோபத்தால் இதுவரை என் கடையில் ஒரு வளையல்கூட உடைந்ததில்லை. உடைந்ததெல்லாம் எங்கள் பேரூராட்சி ஊரை முன்னேற்றக் கிளம்பியபோது உடைந்தது.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும்போது புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வரிசைக் கடைகள் இருந்தன. டீக்கடை, செருப்புக்கடை, முட்டைக்கடை, பூக்கடை, அதற்கு அடுத்தது என் வளையல் கடை. மேலே அஸ்பெஸ்டாஸ், கீழே ஒரே ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் வாடிக்கைக்காரி உட்காருவாள், நான் நின்றுகொண்டு அவள் கையைப் பிடிப்பேன். அதுதான் என் தொழில். ரிப்பன், ஹேர்பின், பொட்டு அட்டையெல்லாம் யாரும் விற்கலாம். கண்ணாடி வளையல் அப்படியில்லை. கையைப் பிடித்து, கட்டைவிரல் மூட்டை உள்ளே மடக்கி, வலிக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்றவேண்டும். கையைத் தொட்டால் எனக்கு அளவு தெரிந்துவிடும். இரண்டு நாலா, இரண்டு ஆறா, இரண்டு எட்டா என்று கேட்கமாட்டேன். கை கூடவே வேறு சிலதும் சொல்லும். மாமியாரோடு சண்டையா, ராத்திரி தூங்கவில்லையா, நல்ல சேதி ஏதாவது உண்டா, எல்லாம் தெரியும். வெளியே சொல்லமாட்டேன். எனக்கு வாய் நீளம்தான், ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது.

எங்கள் பேரூராட்சித் தலைவர் ஒரு பெண். என்னோடு ஆறாம் வகுப்பு படித்தவள். அப்போதே பெஞ்சு எந்தப் பக்கம் பார்த்துப் போடவேண்டும் என்று டீச்சருக்கே யோசனை சொல்வாள். அவள் ஒரு நாள் எல்லாக் கடைக்காரர்களையும் கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, மைக்கைப் பிடித்தாள்.

"இனிமே பேரூராட்சின்னா குப்பை அள்றதும் தெருவிளக்குப் போடறதும் மட்டுமில்லீங்க. இனி நாமளே கட்டப்போறோம். அரசாங்கம் பாதி குடுக்குது, மீதி கடன் வாங்கறோம். பஸ் ஸ்டாண்ட இடிச்சுப்போட்டு மாடி வெச்ச வணிக வளாகம் கட்டறோம். பழைய கடைக்காரங்க ஒருத்தரையும் உடமாட்டோமுங்க."

பின்னால் ஒரு பெரிய பிளெக்ஸ் தொங்கியது. அதில் எங்கள் பஸ் ஸ்டாண்ட் இருந்தது என்றார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முழுக்கக் கண்ணாடி. வாசலில் ஈச்சமரம். கூலிங்கிளாஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரி கையில் நாய்க்குட்டியோடு நடந்துபோனாள். எங்கள் ஊரில் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் யாரும் கிடையாது; எங்கள் ஊர் நாய்களும் அதற்குச் சம்மதிக்காது. மாடியில் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

டீக்கடை அண்ணன் என் காதருகே வந்து, "ஏம்மணி, இவிங்க எப்புடி மேல போனாங்க?" என்றார்.

"நடந்துதான் போயிருப்பாங்க. பேசாம காபியக் குடிங்கண்ணா" என்றேன். அவர் கேட்ட கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடையை இடித்த அன்று நான் அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜேசிபி கையை வைத்ததும் அஸ்பெஸ்டாஸ் அப்பளம் மாதிரி நொறுங்கியது. எடுக்க மறந்துபோன ஒரு பெட்டிச் சிவப்பு வளையல் உள்ளே இருந்தது. அந்தச் சத்தத்தை நான் மட்டும்தான் கேட்டேன். டிரைவரைப் பார்த்து நான் திட்டிய திட்டில் அவர் வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டீக்கடையும் இடிந்து கிடந்ததால் டீ இல்லாமலே திரும்பி வந்தார்.

கட்டி முடிக்கும்வரை சந்தைப்பேட்டையில் தகரக் கொட்டகை கொடுத்தார்கள். அது ஆட்டுச் சந்தை கூடுகிற இடம். சந்தை நாளில் என் கடைக்கு வந்த வாடிக்கைக்காரிகளைவிட ஆடுகள் அதிகம். ஒரு கிடா பொட்டு அட்டை ஒன்றை மென்று தின்றுவிட்டு, மூக்கில் ஒரு சிவப்புப் பொட்டோடு மகாலட்சுமி மாதிரி போயிற்று. அதன் சொந்தக்காரர் அதைப் பார்த்துவிட்டு, மங்களகரமாக இருக்கிறது என்று விலையை ஏற்றிச் சொன்னார். எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். குஜராத், ராஜஸ்தான் என்று லைனுக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. போனில் கூப்பிட்டு, "ஏனுங்க, ஆட்டுக்கு வளையல் போட்டுட்டு உக்காந்திருக்கறேன்" என்றேன்.

"பொறுத்துக்க சாமி. புதுக் கட்டடம் வந்ததும் நீதான் ராணி" என்றார். அவருக்கென்ன, ராஜஸ்தானில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம்.

வளாகம் எழும்பியது. பேரூராட்சியே முதலாளி, பேரூராட்சியே மேஸ்திரி, பேரூராட்சியே மேற்பார்வை. தலைவி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து சொந்த வீடு கட்டுகிறமாதிரி நின்றாள். வேலை செய்கிறவர்களை ஒரு மணி நேரம் நிம்மதியாக விட்டதில்லை. அதில் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். ஆனால் சொந்த வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பார்ப்பார்கள் இல்லையா? அங்கேதான் வினை பிறந்தது.

பேரூராட்சியின் இளம் இன்ஜினியர் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். மரியாதையானவன். அவன் போட்ட முதல் வரைபடத்தில் மாடிப்படி வடகிழக்கு மூலையில் இருந்ததாம். "ஈசானிய மூலைல பாரம் வெக்கலாமா? ஊரே வெளங்காது" என்றாள் தலைவி. சரி என்று அவன் தென்மேற்குக்கு மாற்றினான். தென்மேற்கு கன்னிமூலை. அங்கே ஏற்கனவே பஸ் ஸ்டாண்ட் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையார் தலைமேல் செருப்புக்கால் போகலாமா? கூடாது. தென்கிழக்குக்கு மாற்றினான். அங்கே டிரான்ஸ்பார்மர். அக்கினி மூலையில் கரண்ட் இருப்பது வாஸ்துப்படி மிக நல்லது என்று தலைவி அதற்குச் சந்தோஷப்பட்டாள். ஆனால் படிக்கு இடமில்லை. வடமேற்குக்கு வந்தான். அங்கே கக்கூஸ் தொட்டிக்குக் குழி வெட்டி முடித்திருந்தார்கள். "நடுவுல வெச்சிரலாம் மேடம்" என்றானாம். நடுவில் பிரம்மஸ்தானம். அதில் தூசிகூட இருக்கக்கூடாதாம்.

ஒவ்வொரு முறையும் அவன் படியை அழிப்பான், வேறு மூலையில் வரைவான். கடைசியாக அழித்தவன் வரைய மறந்துவிட்டான். அந்த வரைபடத்துக்குத்தான் கையெழுத்தாயிற்று, அதைப் பார்த்துத்தான் கட்டினார்கள். கொத்தனார்களும் சித்தாள்களும் சாரத்தில் பலகை போட்டு மேலே போனார்கள், வந்தார்கள். தலைவியும் அந்தப் பலகை வழியாகத்தான் முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறுவாள். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பெயின்ட் அடித்து முடித்துச் சாரத்தைப் பிரித்தார்கள். எல்லாரும் கீழே நின்று, அடடா, என்ன அழகு என்று பார்த்தார்கள். மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, நான் எப்புடி எறங்கறதுங்க?"

பெயின்டர். தூரிகையும் டப்பாவுமாக மேலே நின்றார்.

அப்புறம்தான் எல்லாரும் கட்டடத்தைச் சுற்றி ஒரு வலம் வந்தார்கள். கோயிலைச் சுற்றுகிறமாதிரி இன்ஜினியர் இன்னொரு வலமும் வந்தான். படி எங்கேயும் இல்லை. பெயின்டரை வாழைத்தார் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, தார்மேல் இறக்கினார்கள்.

நான் இதையெல்லாம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் கடைகளுக்குக் குலுக்கல் வந்தது. குடத்தில் சீட்டுப் போட்டு, அவரவர் கையாலேயே எடுக்கச் சொன்னார்கள். டீக்கடை அண்ணன் எடுத்தார், கீழ்த்தளம். முட்டைக்கடைக்காரர் எடுத்தார், கீழ்த்தளம். நான் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, எத்தனையோ பேருக்கு வளையல் போட்ட ராசியான கை என்று ஊரே சொல்கிற என் வலது கையை விட்டு எடுத்தேன்.

மாடி.

"கை ராசிதான் உனக்கு. மேல இருந்தா ஊரே தெரியும்" என்றாள் தலைவி.

"ஊரு எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? ஊருக்கு நான் தெரியோணும். படி எங்கீங்க தலைவரம்மா?" என்றேன். கோபம் வந்தால் நான் அவளிடம் மரியாதையாகத்தான் பேசுவேன்.

"ரெண்டாங் கட்டத்துல வரும்."

"ரெண்டாங் கட்டம் எப்ப?"

"மொதக் கட்டம் முடிஞ்சதும்."

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். கீழே ரிப்பன் வெட்டினார். என் கடை ரிப்பன்தான், அதையும் ஓசியில் வாங்கிப்போனார்கள். "மேலயும் ஒரு பார்வை பாத்துரலாமா?" என்றார் அவர். தலைவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "மேல டைல்ஸ் ஈரமா இருக்குதுங்கய்யா. வழுக்கி உட்டுரும்" என்றாள். அவரும் சரியென்று சால்வையோடு கிளம்பிவிட்டார். அவளைத் தலைவியாக்கிய ஊர் ஒன்றும் முட்டாள் ஊர் இல்லை.

மாடிக் கடை விழுந்த மற்றவர்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் சேந்தமங்கலத்தில் கடை பார்த்துக்கொண்டார். ஒருத்தர் ஸ்கூட்டரில் வைத்து விற்கக் கிளம்பிவிட்டார். நான் எங்கே போவேன்? பஸ் ஸ்டாண்டை விட்டால் எனக்கு வாடிக்கை கிடையாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில்தான் பெண்கள் வளையல் போட்டுக்கொள்வார்கள். அதற்கென்று தனியாக நேரம் எடுத்து யார் வருவார்கள்? லைனுக்குப் போன மனிதரின் சம்பாத்தியம் டீசலுக்கும் டயருக்குமே சரியாகப் போகிறது. இந்தக் கடை போனால் என் பிழைப்பே போச்சு. அதோடு எனக்கு ரோசம் வேறு. குதிரை கீழே தள்ளியது பத்தாதென்று குழியும் பறித்ததாம் என்கிற கதையாக, படியில்லாத கடைக்கு மாத வாடகை மட்டும் தவறாமல் கேட்டார்கள்.

என் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர் லாரிக்குப் பாடி கட்டுகிற மேஸ்திரி. அவரிடம் போய் அழுதேன். லாரியின் பின்பக்கம் தார்ப்பாய் கட்ட ஏறுவதற்கு ஓர் இரும்பு ஏணி வைப்பார்கள் பாருங்கள், அந்த ஏணியை இரண்டாக ஒட்டி, கட்டடத்தின் பின்சுவரில் அடித்துக் கொடுத்தார்.

"இதுல ஏறிருவீங்களா தங்கச்சி?"

"ஏறித் தொலைக்கோணுமல்லோ!"

சேலையோடு செங்குத்தாக ஏணி ஏறுவது எப்படி? என் வீட்டுக்காரரின் பழைய காக்கிப் பேன்ட்டை உள்ளே மாட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். முதல் நாள் பாதியில் நின்று கீழே பார்த்துவிட்டேன். இரண்டு கம்பி கீழே இறங்கிவிட்டேன். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது பழமொழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அது நான்தான். பஸ் ஸ்டாண்டே திரண்டு வந்து பின்பக்கம் நின்று உற்சாகப்படுத்தியது. டீக்கடை அண்ணன் அன்றைக்கு வடை எல்லாம் விற்றுப்போச்சு என்றார்.

நான் மேலே போய்விட்டேன், வாடிக்கைக்காரிகள்? அதற்கு ஒரு கூடை. தாம்புக்கயிற்றில் பிரம்புக்கூடையைக் கட்டி, முன்பக்க வராந்தாக் கைப்பிடிச் சுவரிலிருந்து இறக்கினேன். நேர் கீழே பஸ் நிற்கிற இடம். மேஸ்திரி ஒரு பழைய ரப்பர் ஹாரனையும் கீழ்த்தூணில் மாட்டிவிட்டு, தன்னிடம் வேலை பார்க்கிற பெயின்டரை விட்டு, லாரிக்குப் பின்னால் எழுதுகிற அதே எழுத்தில், தாமரைப் பூவெல்லாம் போட்டு "ஒலி எழுப்பவும்" என்று எழுதவைத்தார். யாருக்கு என்ன வேண்டுமோ பாம் பாம் என்று அமுக்குவார்கள். நான் எட்டிப் பார்ப்பேன்.

"அக்கா, கருப்பு ஹேர்பின் ஒரு அட்டை!"

கூடை இறங்கும். பஸ் ஜன்னலில் இருந்தபடியே எடுத்துக்கொள்வார்கள், காசு மேலே வரும். கண்டக்டர்கள் என் கூடை ஏறும்வரை விசில் ஊதமாட்டார்கள். ஒருமுறை கூடை ஒரு பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு, பஸ் கிளம்பிவிட்டது. கயிற்றை நான் விடவில்லை. ரோசம்தான். நல்லவேளை கயிறு என்னைவிடப் புத்திசாலி, தானாக அறுந்துகொண்டது. கூடை நாமக்கல்வரை போய், அடுத்த டிரிப்பில் பத்திரமாகத் திரும்பி வந்தது. உள்ளே யாரோ இரண்டு கொய்யாப்பழம் வைத்திருந்தார்கள்.

ஊரெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். ரிப்பனும் பொட்டும் நன்றாகவே விற்றன. ஆனால் கண்ணாடி வளையல் விற்கவில்லை. எப்படி விற்கும்? கையில் நூலைச் சுற்றி அளவெடுத்துக் கூடையில் போட்டார்கள். பழைய உடைந்த வளையலைப் போட்டார்கள். ஒருத்தி டம்ளரைப் போட்டு, இதன் வாய் அளவு என்றாள். நான் கொடுத்தனுப்பியதை அவர்களே போட்டுப் பார்த்து, பாதியை உடைத்து, கையைக் கீறிக்கொண்டு, என்னைத் திட்டினார்கள். புது ஸ்டூல் ஒன்று வாங்கி மாடிக் கடையில் போட்டிருந்தேன். அதில் ஒருத்தியும் வந்து உட்காரவில்லை. நாள் முழுக்க ஒரு கையைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போகிற நாட்களில், ஏணியில் இறங்கும்போது எனக்குக் கோபம் வராது. துக்கம்தான் வரும். அது கோபத்தைவிடக் கனமாக இருக்கிறது, இறங்குவதற்கு நேரமாகும்.

பேரூராட்சி அலுவலகத்துக்கு நான் நடந்த நடைக்குச் சேலத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். இன்ஜினியர்ப் பையன் என்னைக் கண்டாலே எழுந்து நிற்பான். "அக்கா, நாலு மூலையும் அடைஞ்சுபோச்சுக்கா. அஞ்சாவது மூலை இருந்தா சொல்லுங்க, நாளைக்கே வரையறேன்" என்பான். அழுதுவிடுவான் போலிருக்கும். அவனைத் திட்டவும் மனசு வராது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் கீழே பாம் பாம் என்று விடாமல் சத்தம். எட்டிப் பார்த்தேன். தலைவி. பக்கத்தில் அவள் மகள், வயிறும் பிள்ளையுமாக. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்புக்கு முன்னால் பிள்ளைத்தாய்ச்சியை வளையல் கடைக்கே அழைத்துவந்து, கடைக்காரி கையால் முதல் ஜோடியைப் போடவைத்து, அந்த அளவுக்குத்தான் மற்ற வளையல்களை வாங்குவார்கள். தலைவிக்கே அந்த முதல் ஜோடியை என் கையால்தான் போட்டேன். அப்போது அவள் வயிற்றில் இருந்த பெண்தான் இப்போது கீழே நின்று என்னை அண்ணாந்து பார்க்கிறாள்.

"ஏ புள்ள, கீழ வா! பாப்பாவுக்கு வளையல் போடோணும்" என்றாள் தலைவி.

"கடை மேல இருக்குதுங்க தலைவரம்மா. மேல வாங்க."

"வெளையாடாத. டீக்கடை பெஞ்சுல உக்காந்து போட்டுக்கலாம்."

"டீக்கடை பெஞ்சுல போட்டா பொறக்கற கொழந்த பாய்லர் மாதிரி பொறக்குமுங்க. கடைக்கு வந்து போடறதுதான் முறை. நீங்க முறை பாக்கறவங்க. நாலு மூலையும் பாத்தீங்கல்லோ?"

ஒரு பஸ் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார், சரியாகக் கேட்கவேண்டுமே. தலைவியின் முகம் சிவந்தது. அவளும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. "சேலத்துல இல்லாத வளையக் கடையா? வா பாப்பா போலாம்" என்றாள்.

மகள் நகரவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அம்மா, உனக்கு இவங்கதானம்மா போட்டாங்க. எனக்கும் இவங்கதான் போடோணும். வெள்ளிக்கெழம எங்க அத்தை வர்றாங்க, அவங்களையும் கூட்டிட்டு வருவேன். படி இல்லீன்னா அத்தைகிட்ட நீயே சொல்லிக்க."

அத்தை என்றால் அவள் மாமியார், தலைவிக்குச் சம்பந்தியம்மாள். சம்பந்தியிடம், நான் கட்டிய கட்டடத்தில் படி வைக்க மறந்துவிட்டேன் என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? அரசாங்கத்துக்குப் பதில் சொல்லிவிடலாம், ஆடிட்டுக்குப் பதில் சொல்லிவிடலாம், சம்பந்திக்கு முடியாது. தலைவி மகளைக் காரில் ஏற்றினாள். அன்றைக்குச் சாயங்காலமே ரெண்டாங் கட்டம் வந்துவிட்டது.

மூலையே இல்லாத இடமாகப் பார்த்தார்கள். கட்டடத்துக்கு வெளியே, முன்பக்கம், தெருவைப் பார்த்து இரும்புப் படி. சிமென்ட் காய நேரமில்லாததால் வேலை என் லாரி மேஸ்திரிக்குப் போனது. அவருக்குத் தெரிந்தது லாரி. அதனால் படியும் லாரிதான். புள்ளி வைத்த இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சளும் பச்சையும், கீழ்ப்படியில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும், கைப்பிடியில் இரண்டு பெரிய கண்கள். வெள்ளிக்கிழமை காலையில் படி தயார். எனக்குச் சந்தோஷத்தில் காக்கிப் பேன்ட் போட மறந்துவிட்டது. புதுப் படியில் ராணி மாதிரி ஏறினேன். என் வீட்டுக்காரர் சொன்னது கடைசியில் பலித்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் உள்ளே ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெளியே ஏதோ கேஸ் கட்டர் சத்தம் கேட்டது. மிச்ச வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன். நடந்தது இதுதான். தலைவி படியைப் பார்க்க வந்து, கீழிருந்து எண்ணிக்கொண்டே ஏறியிருக்கிறாள். எங்கள் பக்கம் கடைப்படியை ஒன்று இரண்டு என்று எண்ணமாட்டார்கள். லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்றுதான் எண்ணுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடியவேண்டும். அவள் எண்ணியதில் கடைசிப் படி நஷ்டத்தில் முடிந்திருக்கிறது. ஊர்ப் பணத்தில் கட்டிய வளாகம் நஷ்டத்தில் முடியலாமா? "அந்த மேப்படிய வெட்டி எடுத்துருங்க" என்று சொல்லியிருக்கிறாள். மேஸ்திரி வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சம்பந்தியம்மாள் வந்தார். பட்டுச்சேலை, நிதானமான நடை. பின்னால் தலைவி, அவளுக்குப் பின்னால் இன்ஜினியர், அப்புறம் டீக்கடை அண்ணன், அப்புறம் பஸ் ஸ்டாண்டு. மகள் முன்னால் ஏறினாள். சம்பந்தியம்மாளே வாய்விட்டு எண்ணினார், "லாபம்… நஷ்டம்… லாபம்…" ஊரே சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. "லாபம்!" என்று எல்லாரும் முடித்த இடத்தில் மகள் நின்றாள். லாபத்துக்கும் என் கடைத் தரைக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒன்றுமே இல்லை.

"இதென்னங்க சம்பந்தி, மேல ஒரு படியக் காணோம்?" என்றார் அந்த அம்மாள்.

தலைவி வாயைத் திறந்தாள். மேலே டைல்ஸ் ஈரம் என்று இந்த முறை சொல்ல முடியாது. என்னைப் பார்த்தாள். ஆறாம் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த அன்றைக்கெல்லாம் அப்படித்தான் என்னைப் பார்ப்பாள். கேட்க வேண்டியதெல்லாம் எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

ஆனால் அந்தப் பெண் ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றாள். காலைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. எனக்குப் பதறிப்போயிற்று. குனிந்து கையை நீட்டினேன். "புடிச்சுக்க சாமி. கீழ பாக்காத, என்னயப் பாரு" என்றேன். கம்பியை விட்டுவிட்டு அவள் என் கையைப் பிடித்தாள். கீழிருந்து இன்ஜினியர்ப் பையன் ஓடிவந்து, மண்டிபோட்டுத் தன் தோளைப் படிமாதிரி கொடுக்க, அவள் கூச்சத்தோடு அதில் கால் வைக்க, நான் ஒரே மூச்சில் அவளை மேலே இழுத்தேன்.

கை நன்றாக வீங்கியிருந்தது. கட்டைவிரல் மூட்டு அவள் அம்மாவுடையதேதான், அதே பிடிவாதமான எலும்பு.

"ரெண்டு எட்டு" என்றேன்.

"எப்புடிங்க தெரியும்?" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே.

கீழே தலைவி சம்பந்தியிடம், மேல்படி ரெண்டாங் கட்டத்தில் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கையை விடாமலே ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டேன்.